காலடியால் அளந்த ஆலயம்



1480ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மேற்குத் துறைமுகமான பிரிஸ்டலில் அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தார். நடந்தார் என்பதைவிட எண்ணினார் என்பதே சரி. பாலம் எத்தனை எட்டு, சந்தைத் தெரு எத்தனை எட்டு, இந்தச் சந்தின் அகலம் எத்தனை எட்டு என்று காலாலேயே அளந்து, கையிலிருந்த தாள்களில் பாதி லத்தீனும் பாதி ஆங்கிலமுமாகக் கிறுக்கிக்கொண்டே போனார். பெயர் வில்லியம் வூஸ்டர். சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் என்ற படைத்தலைவரிடம் நெடுங்காலம் செயலராக உழைத்தவர். பிரிஸ்டல் அவர் பிறந்த ஊர். வயதான காலத்தில் சொந்த ஊருக்கு வந்தவர் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்காராமல் ஊரையே அளக்கக் கிளம்பிவிட்டார்.

அந்தத் தாள்கள் இன்றும் கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் அவர் பொறுமையாக அளந்த இடங்களில் ஒன்று செயின்ட் மேரி ரெட்கிளிஃப் ஆலயம். நீளம், அகலம் ஆகியவற்றோடு அவர் நிறுத்தவில்லை. மேற்கு வாசலைச் சுற்றியுள்ள கல் விளிம்பில் எத்தனை மடிப்பு, ஒவ்வொரு மடிப்புக்கும் கல்தச்சர்கள் வைத்திருந்த பெயர் என்ன என்பதையும் வரிசையாக எழுதி வைத்தார். கட்டடத்தைக் கண்டு வியந்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. கொத்தனாரிடம் போய் “இதற்கு என்னய்யா பேர்?” என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

இன்றைய உரைக்கு அந்த மனிதர்தான் வழிகாட்டி. ஆனால் அவர் ‘எவ்வளவு நீளம்’ என்று கேட்ட இடத்தில், இந்த உரை ‘யார் காசு’ என்று கேட்கப்போகிறது. ஒரு துறைமுக நகரத்தின் நடுவே நிற்கும் பழைய ஆலயத்துக்குள் போகிறவர் கையில் வைத்திருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும், வாகன இரைச்சலுக்கு நடுவே ஊசிக்கோபுரம் தெரிந்துவிடும். 80 மீட்டருக்கு மேல் உயரம். ஏவன் ஆற்றின் தென்கரையில் செந்நிற மணற்பாறை மேட்டின்மேல் ஆலயம் நிற்கிறது. ரெட்கிளிஃப் என்ற பெயரே ‘சிவந்த பாறை’ என்பதுதான். அந்தப் பாறைக்குள் குகை குகையாகக் குடைந்து, கண்ணாடி செய்வதற்கான மணலைப் பின்னாளில் எடுத்திருக்கிறார்கள். ஆலயம் மேலே, சுரங்கம் கீழே, கப்பல் பக்கத்தில். வணிக நகரம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு படம் வரைய வேண்டியதில்லை.

முதல்முறை வருகிறவர்கள் இதைப் பேராலயம் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். பேராலயம் வேறு. அது ஆற்றுக்கு அப்பால், பழைய அகுஸ்தீனிய மடத்தின் கட்டடத்தில் 1542இல் நிறுவப்பட்டது. ரெட்கிளிஃப் வெறும் பங்கு ஆலயம். அக்கம்பக்கத்தாருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, திருமணம் நடத்தி, அடக்கம் செய்யும் ஆலயம். கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்பதைத் தென்னிந்தியத் திருச்சபையார் ‘சேகரம்’ என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பெரிய கட்டடம் 1852 வரை தனிச் சேகரமாகக்கூட இல்லை. பக்கத்திலிருந்த பெட்மின்ஸ்டர் என்ற ஊரின் கிளைக் கோயிலாகவே ஏட்டில் இருந்தது. 1574இல் முதலாம் எலிசபெத் மகாராணி பிரிஸ்டலுக்கு வந்தபோது, நாட்டிலேயே அழகான பங்கு ஆலயம் இதுதான் என்று புகழ்ந்ததாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அரசிகள் வருகிற ஊர்களில் எல்லாம் இப்படி ஒரு புகழுரை மிஞ்சிவிடும். எழுத்தில் இருக்கிறதோ இல்லையோ, மகாராணியின் வண்ணம் தீட்டிய மரச்சிலை ஆலயத்துக்குள் நிற்கிறது.

இடைக்கால ஆங்கிலிக்கன் ஆலயம் என்ற சொற்றொடரிலேயே ஒரு முரண் இருக்கிறது. இந்தக் கற்களை அடுக்கிய காலத்தில் ஆங்கிலிக்கன் சபை என்ற ஒன்றே கிடையாது. எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு உறவை முறித்தது 1534இல். அதற்கு முன்பே இங்கே தூண்கள் எழுந்து, கூரை மூடப்பட்டு, மெழுகுவர்த்திப் புகை படிந்துவிட்டது. லத்தீன் திருப்பலிக்காகக் கட்டிய வீட்டில்தான் ஆங்கில வழிபாடு குடிபுகுந்தது. பாத்திரம் பழையது, சமையல் புதியது.

வடக்கு முகமண்டபத்தில்தான் பார்வையைத் தொடங்க வேண்டும். இரண்டு மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே இருப்பது பழையது, சுமார் 1200ஐச் சேர்ந்தது. கருங்கல் நிறத்தில் மெல்லிய தூண்கள். அதற்கு முன்னால் 14ஆம் நூற்றாண்டில் அறுகோண வடிவில் இன்னொரு மண்டபம் எழுப்பினார்கள். அதன் வாசலைச் சுற்றிக் கல்லில் இலையும் கொடியும் பின்னிப் படர்ந்திருப்பதைப் பார்க்கிறவர், இது குளிர்நாட்டுச் சிற்பிகளின் கைவேலைதானா என்று ஒரு கணம் சந்தேகப்படுவார். கீழ்த்திசை மணக்கும் வாசல் அது. கப்பல்கள் மட்டும்தான் ஊர் விட்டு ஊர் போகும் என்றில்லை, கோடுகளும் போகும்.

இந்த மண்டபத்தில் மரியாளின் திருத்தலம் இருந்தது. பயணம் புறப்படும் மாலுமி இங்கே மண்டியிட்டு வேண்டிக்கொள்வான். உயிரோடு திரும்பினால் நன்றிக் காணிக்கை போடுவான். திரும்பாதவனுக்காக அவன் மனைவி வந்து நின்றிருப்பாள். வாசலிலேயே ஒரு சுங்கச்சாவடி. ஆனால் பயத்துக்கு மட்டும்தான் அங்கே வரி.

உள்ளே காலெடுத்து வைத்ததும் கண் தானாக மேலே போகிறது. ஆங்கிலேயப் பங்கு ஆலயங்களில் பெரும்பாலும் மரக்கூரைதான் இருக்கும். இங்கே முழுக்கக் கல் வளைகூரை. தூண்களிலிருந்து கிளம்பும் விலா எலும்பு போன்ற கல்வரிகள் மேலே பிரிந்து, குறுக்கே ஓடி, ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் செதுக்கிய கல்குமிழ் ஒன்று. மொத்தம் 1,200க்கு மேல். பெரும்பாலானவற்றுக்குப் பொன் பூசியிருக்கிறார்கள். இலை, முகம், மிருகம் என்று எத்தனையோ உருவங்கள். வட பக்க நடைக்கு மேலே ஒரு குமிழில் வட்டமான புதிர்ப்பாதை. கீழே நின்று அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். கல்கூரை அழகுக்காக மட்டுமா? மரக்கூரைக்குத் தீ பயம் உண்டு. கல்கூரைக்குச் செலவு பயம்தான். அந்தப் பயம் இல்லாதவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வில்லியம் கேனிஞ்சஸ்.

பிரிஸ்டலிலிருந்து கம்பளித் துணி போகும். போர்தோவிலிருந்து திராட்சை மது வரும். ஐஸ்லாந்திலிருந்து உலர்ந்த மீன் வரும். இதுதான் 15ஆம் நூற்றாண்டின் வணிகம். அதன் உச்சியில் இருந்தவர் கேனிஞ்சஸ். ஐந்து முறை நகர மேயர், நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய கப்பல்களை ஒவ்வொன்றாகப் பெயரோடும் எடையோடும் பட்டியல் போட்டவர் வேறு யாருமல்ல, அதே வில்லியம் வூஸ்டர்தான். பத்துக் கப்பல்கள். பெரியது 900 டன். எட்டு ஆண்டுகள் கப்பல்களில் 800 பேருக்கும், அதற்கு மேல் நாள்தோறும் தச்சர், கொத்தர் முதலிய நூறு தொழிலாளர்களுக்கும் வேலை கொடுத்தார் என்றும் வூஸ்டர் எழுதுகிறார். அந்தப் பட்டியலில் 500 டன் கப்பல் ஒன்றின் பெயர் ‘மேரி ரெட்கிளிஃப்’. ஆலயத்தின் பெயரைச் சுமந்து ஒரு கப்பல் கடலில் போனது. கப்பல் சம்பாதித்த பணம் திரும்பி வந்து ஆலயத்தின் கல்லானது.

1446இல் புயலில் ஊசிக்கோபுரத்தின் மேற்பகுதி இடிந்து விழுந்தது. ஆலயத்துக்கும் சேதம். சீரமைப்புக்குப் பணம் கொட்டியவர்களில் கேனிஞ்சஸ் முதன்மையானவர். ஆனால் கோபுரத்தை மட்டும் யாரும் முடிக்கவில்லை. மொட்டையாகவே மேலே மூடிவிட்டார்கள். அதைத் திரும்ப முழுமையாக்கியது 1872இல். கிட்டத்தட்ட 426 ஆண்டுகள் அந்த நகரம் தலை போன கோபுரத்தைப் பார்த்தே பழகிவிட்டது. இன்று அஞ்சலட்டையில் கம்பீரமாக நிற்கும் ஊசிமுனை இடைக்காலத்தது அல்ல, விக்டோரியா காலத்தது என்று சொன்னால் பல பயணிகளின் முகம் கொஞ்சம் வாடும்.

தெற்குக் குறுக்குக்கூடத்தில் கேனிஞ்சஸ் படுத்திருக்கிறார். ஒருமுறை அல்ல, இருமுறை. ஒரு கல்லறையில் வணிகர் உடையில், பக்கத்தில் மனைவி ஜோன். இன்னொன்றில் பாதிரியார் அங்கியில், தனியே, வெண்பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லில். 1467இல் மனைவி இறந்த பிறகு அவர் வணிகத்தை விட்டுக் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு பெந்தெகொஸ்தே நாளில் இதே ஆலயத்தில் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றினார். 1474இல் இறந்தார். அரசர் நான்காம் எட்வர்ட் அவரை மறுமணம் செய்யச் சொல்லி நெருக்கினார், அதிலிருந்து தப்பவே துறவறம் பூண்டார் என்று ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள். அதே அரசருக்கு அவர் 3,000 மார்க் கொடுத்தார் என்று கல்லறை வாசகமே சொல்கிறது. பணக்காரரோடு அரசருக்கு எப்போதும் ஒரு கணக்கு இருக்கும்.

தம் ஆன்மாவுக்காக என்றென்றைக்கும் திருப்பலி நடக்க வேண்டும் என்று கேனிஞ்சஸ் அறக்கட்டளைகள் ஏற்படுத்தினார். பாதிரியார்களுக்குச் சம்பளம், பலிபீடம், நிலம், எல்லாம் ஏற்பாடு. 1540களின் இறுதியில் அரசு இத்தகைய அறக்கட்டளைகளை ஒரே சட்டத்தில் கலைத்து, சொத்தை எடுத்துக்கொண்டது. அவருடைய ‘என்றென்றைக்கும்’ எண்பது ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாக நீடித்தது.

அதே குறுக்குக்கூடத்துத் தரையில் இன்னொரு கல் இருக்கிறது. பெரும்பாலோர் அதை மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் ஒரு கத்தியும் சல்லடைக் கரண்டியும் செதுக்கியிருக்கிறது. கேனிஞ்சஸ் வீட்டுச் சமையற்காரரின் கல்லறை என்கிறார்கள். பெயர் சொல்லித் திருப்பலி வைத்த முதலாளிக்கு வந்த கதி மேலே பார்த்தோம். பெயரே எழுதாத சமையற்காரரின் கரண்டி இன்னும் அப்படியே கிடக்கிறது. இந்த ஆலயத்தில் ஒரே ஒரு கல்லைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், தயங்காமல் இதையே பார்க்கலாம்.

1453இல் போர்தோ இங்கிலாந்தின் கையைவிட்டுப் போனது. மது வணிகம் அடிபட்டது. பிரிஸ்டல்காரர்கள் மேற்கே பார்க்கத் தொடங்கினார்கள். வூஸ்டர் ஊரை அளந்த அதே 1480இல், அவருடைய உறவினர் ஜான் ஜே 80 டன் கப்பல் ஒன்றை அட்லாண்டிக் நடுவே இருப்பதாகச் சொல்லப்பட்ட ‘பிரேசில்’ என்ற தீவைத் தேடி அனுப்பினார். இன்றைய பிரேசில் நாடு அல்ல. மாலுமிகளின் பேச்சில் மட்டும் மிதந்த தீவு. ஒன்பது வாரம் அலைந்துவிட்டு, புயலில் அடிபட்டு, ஒன்றும் காணாமல் கப்பல் திரும்பிவிட்டது. இதையும் வூஸ்டரே குறித்திருக்கிறார். ஆலயத்துக்குள் ஜான் ஜேக்கும் மனைவி ஜோனுக்கும் பித்தளைத் தகட்டில் உருவம் பொறித்திருக்கிறது. காலடியில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1497இல், ஜான் கேபட் ‘மேத்யூ’ என்ற சிறு கப்பலில் இதே துறைமுகத்திலிருந்து கிளம்பி வட அமெரிக்கக் கரையைத் தொட்டார். ஆலயத்தில் ஒரு திமிங்கல எலும்பு வைத்திருக்கிறார்கள். கேபட் கொண்டுவந்தது என்பது மரபு. வீரன் ஒருவன் கொன்ற ராட்சதப் பசுவின் விலா எலும்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்களும் முன்பு உண்டு. எலும்பு ஒன்று, கதை இரண்டு. முதல் கதைதான் கொஞ்சமாவது கடல் வாடை அடிக்கிறது.

இந்த இடத்தில் கணக்கு வேறு பக்கம் திரும்புகிறது. நடுக்கூடத்தின் மேற்குப் பக்கச் சுவரில் உயரே இரும்புக் கவசமும் கிழிந்த கொடிகளும் தொங்குகின்றன. கப்பற்படைத் தளபதி சர் வில்லியம் பென்னுடையவை. 1621இல் பிரிஸ்டலில் பிறந்து, 1670இல் இறந்து, இங்கே அடக்கமானவர். அவர் மகன் பெயரும் வில்லியம் பென்தான். அரச கருவூலம் தந்தைக்குத் தர வேண்டியிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக 1681இல் மகனுக்கு அமெரிக்காவில் ஒரு பெருநிலம் கிடைத்தது. அதுதான் பென்சில்வேனியா. வழிகாட்டிகள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவ்வளவு உற்சாகமாகச் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. 1655இல் ஸ்பானியரிடமிருந்து ஜமைக்காவைக் கைப்பற்றிய படையெடுப்பின் கப்பற்படைத் தலைவரும் தந்தை பென்தான். ஜமைக்கா என்றால் கரும்பு. கரும்பு என்றால் அடிமை உழைப்பு.

1698இல் ஆப்பிரிக்க வணிகத்தில் லண்டன் கம்பெனியின் தனியுரிமை முடிந்தது. பிரிஸ்டல் வணிகர்கள் உள்ளே நுழைந்தார்கள். 1807இல் சட்டம் தடுக்கும்வரை இந்த ஊரிலிருந்து 2,000க்கு மேற்பட்ட பயணங்கள். சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கொண்டுசெல்லப்பட்டார்கள். 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்க வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றபோது பிரிஸ்டல் ஆலயங்களில் மகிழ்ச்சி மணி அடித்தார்கள். மணிக்கு எதற்கு அடிக்கிறோம் என்று தெரியாது. கயிற்றைப் பிடித்தவனுக்குத் தெரியும்.

எட்வர்ட் கோல்ஸ்டன் (1636–1721) பிரிஸ்டலில் பிறந்தவர். அந்த லண்டன் கம்பெனியில், அதாவது ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில், துணை ஆளுநர் வரை உயர்ந்தவர். சொந்த ஊரில் பள்ளிகள், முதியோர் இல்லங்கள், ஆலயங்கள் எல்லாவற்றுக்கும் வாரி வழங்கினார். விக்டோரியா காலத்தவர்கள் அவரை ஊரின் வள்ளலாகக் கொண்டாடினார்கள். தெருவுக்கு அவர் பெயர், மண்டபத்துக்கு அவர் பெயர், நகர நடுவே வெண்கலச் சிலை. ரெட்கிளிஃப் ஆலயத்தின் வடக்குக் குறுக்குக்கூடத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடி.

2020 ஜூன் 7 அன்று கூட்டம் அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து, உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. அதே மாதம் ஆலயம் கோல்ஸ்டனுக்குரிய கண்ணாடிப் பலகைகளைத் தானே கழற்றியது. அவை இருந்த இடத்துக்குப் புதிய கண்ணாடி வேண்டும் என்று பிறகு போட்டி வைத்தார்கள். தேர்ந்த வடிவத்தில் இயேசு வெவ்வேறு இனத்தவரின் முகத்தோடு வருகிறார். அடிமைக் கப்பலும் அகதிகளின் துயரமும் 1963இன் பேருந்துப் புறக்கணிப்பும் அதில் இடம்பெற்றன.

அந்தப் புறக்கணிப்பைப் பற்றிச் சில வரிகள் சொல்லத்தான் வேண்டும். பிரிஸ்டல் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க மறுத்தது. பால் ஸ்டீவன்சன் முதலிய இளைஞர்கள் பேருந்தில் ஏறாதீர்கள் என்று மக்களை அழைத்தார்கள். சில மாதங்களில், ஆகஸ்ட் 28 அன்று, நிறுவனம் பணிந்தது. அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். தலைப்பாகையோடு பயணச்சீட்டுக் கொடுத்த அந்த மனிதருக்கு வழிதிறந்த போராட்டம் இன்று இடைக்காலக் கல்சட்டத்துக்குள் வெளிச்சமாகிவிட்டது.

பழைய கண்ணாடியைக் கழற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வரலாற்றை அழிப்பதாகாதா? ரெட்கிளிஃபில் நின்று கேட்டால் அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வலு குறைகிறது. இடைக்காலக் கண்ணாடிகளில் பெரும்பகுதி சீர்திருத்தக் காலத்திலும் அதற்குப் பின்னரும் உடைந்து போனது. மிஞ்சிய சில்லுகளைப் பொறுக்கி, கோபுரத்தடியில் உள்ள செயின்ட் ஜான் சிற்றாலயத்தில் ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். முகம் ஒரு புனிதருடையது, கை வேறொருவருடையது. 1756இல் புகழ்பெற்ற ஓவியர் வில்லியம் ஹோகார்த்திடம் 525 பவுண்டு கொடுத்து மூன்று பாகங்களாகப் பிரம்மாண்டமான பலிபீட ஓவியம் வரைவித்தார்கள். நூறு ஆண்டுகளில் ரசனை மாறியது. இடைக்கால அழகை மறைக்கிறது என்று அதையும் கழற்றி அனுப்பிவிட்டார்கள். இப்போது அது செயின்ட் நிக்கலஸ் ஆலயத்தில் இருக்கிறது. சன்னல்கள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. இம்முறை ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்தார்கள், அவ்வளவே வித்தியாசம்.

வடக்கு முகமண்டபத்துக்கு மேலே ஒரு சிற்றறை உண்டு. பழைய ஆவணப் பெட்டிகள் வைத்திருந்த அறை. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெட்டிகளின் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். வேண்டிய பத்திரங்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அப்படியே போட்டுவிட்டார்கள். எதிர்த்தெருப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அந்தத் தோல் ஏடுகளை அள்ளிக்கொண்டு போய் மாணவர் புத்தகங்களுக்கு அட்டை போட்டார். அவர் இறந்த பிறகு பிறந்த மகன் தாமஸ் சாட்டர்டன். உறவினர் ஒருவர் ஆலயத்தில் கோயில்குட்டியாக வேலை பார்த்தார். ஆகவே பையன் கல்லறைகளுக்கு நடுவேதான் வளர்ந்தான். கேனிஞ்சஸின் கல்முகம் அவனுக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தா.

பன்னிரண்டு, பதிமூன்று வயதிலேயே அவன் 15ஆம் நூற்றாண்டு மொழி போன்ற ஒன்றைத் தானே உருவாக்கிக்கொண்டு, தாமஸ் ரௌலி என்ற பாதிரியார் எழுதியதாகக் கவிதைகள் படைத்தான். ரௌலி கேனிஞ்சஸின் நண்பராம். கவிதைகள் ஆலயப் பெட்டியில் கிடைத்தனவாம். பழைய தோல் துண்டில் எழுதி, அழுக்காக்கி, பழுப்பாக்கி, ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினான். நம்பினார்கள். லண்டனில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலும் முதலில் மயங்கினார், பிறகு கைகழுவினார். 1770 ஆகஸ்டில் லண்டன் மாடி அறை ஒன்றில் ஆர்செனிக் நஞ்சால் அவன் இறந்தபோது பதினெட்டு வயது நிறையவில்லை. கவிஞர் கீட்ஸ் 1818இல் தம் ‘எண்டிமியன்’ காவியத்தை அவனுக்குக் காணிக்கையாக்கினார். கோல்ரிட்ஜ், சதே ஆகிய இரு கவிஞர்களும் 1795இல் இதே ஆலயத்தில்தான் அக்கா தங்கையை மணந்தார்கள். கோல்ரிட்ஜ் அக்டோபரில், சதே நவம்பரில் ஊரறியாமல்.

சாட்டர்டனைப் பொய்யன் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தோல் ஏட்டுக்கு மதிப்பில்லை என்று பெட்டியைத் திறந்துபோட்டவர்களும் அட்டை போட்டவர்களும் வளர்ந்த மனிதர்கள். அந்த எழுத்தில் ஏதோ இருக்கிறது என்று உட்கார்ந்து உற்றுப் பார்த்தவன் அந்தச் சிறுவன் ஒருவன்தான்.

இனி வேகமாக நடக்கலாம். வெளியே வந்தால் மதிலோரம் தண்ணீர்க் குழாய் நினைவு ஒன்று. 1190இல் ராபர்ட் டி பெர்க்லி என்ற பிரபு சுமார் இரண்டு மைல் தொலைவில் நோல் பகுதியில் இருந்த ஊற்றுநீரை இந்த ஆலயத்துக்கும் ஊருக்கும் தானமாகக் கொடுத்தார். அந்தக் குழாய் போகும் பாதையில் ஆண்டுக்கொருமுறை ஆலயத்தார் இன்றும் நடக்கிறார்கள். தோட்டம், வீட்டுக் கொல்லை, ரயில் பாதை என்று எது குறுக்கே வந்தாலும் தடம் தப்பாமல் போய் எல்லைக்கற்களைச் சரிபார்ப்பார்கள். புதிதாக வருகிறவரைத் தூக்கி ஒரு கல்லின்மேல் இடித்து எடுப்பது சடங்கு. வழியில் உள்ள விக்டோரியா பூங்காவில் 1984இல் செங்கல்லால் ஒரு தண்ணீர்ப் புதிர்ப்பாதை கட்டினார்கள். கூரையில் கழுத்து வலிக்கத் தேடினோமே, அந்தக் குமிழின் வடிவம்தான். இப்போது குழந்தைகள் அதில் கால் நனைத்து ஓடுகிறார்கள். மேலே கல்லில் இருந்தது கீழே தண்ணீராக வந்துவிட்டது. ஆலயத்துக்குள்ளும் தண்ணீர் ஓடும் குறுக்குச்சட்டம் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாத ஊசல். அறிவியலாளர்களின் ‘ஒழுங்கின்மைக் கொள்கை’யை விளக்க வைத்தது. பிரசங்கத்தை விடப் பலரை அதிக நேரம் நிறுத்தி வைக்கிறது.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று வருகிறவருக்கு அதிர்ஷ்டம். தரை முழுக்கக் கோரைப்புல் பரப்பியிருப்பார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேயர் வில்லியம் ஸ்பென்சர் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கிய பிரசங்கம் அது. நகர மேயர் சிவப்பு அங்கியும் பரிவாரமுமாக வந்து உட்கார்ந்து கேட்பார். கேனிஞ்சஸின் ‘என்றென்றைக்கும்’ நின்றுபோனது, ஸ்பென்சருடையது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆன்மாவுக்காக வைத்த திருப்பலியைச் சட்டம் கலைத்தது. பிரசங்கத்தைக் கலைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆலய முற்றத்துப் புல்லில் இரும்புத் தண்டவாளத் துண்டு ஒன்று சாய்ந்து குத்தி நிற்கிறது. 1941 ஏப்ரல் 11, புனித வெள்ளி இரவு. பக்கத்துத் தெருவில் ஜெர்மன் குண்டு விழுந்தது. டிராம் தண்டவாளம் பிய்த்துக்கொண்டு வீடுகளுக்கு மேலே பறந்து வந்து இங்கே சொருகியது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் இந்த உரைக்கு வேலையில்லை. அதே இரவில் மின்கம்பி அறுந்து பிரிஸ்டலில் டிராம் ஓட்டமே முடிந்துபோனது. தண்டவாளத்தை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அருகே சிறு கல் ஒன்று: ஆலயப் பூனை, 1912–1927. டாம் என்ற அந்தப் பூனை வழிபாட்டு நேரத்தில் ஆர்கன் வாசிப்பவரின் மடியில் போய் உட்காருமாம். ஹாரிசன் நிறுவனம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்களோடு அந்தப் பெரிய ஆர்கனை அமைத்ததும் 1912இல்தான். இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. தளபதிக்குக் கவசம், வணிகருக்கு இரண்டு சிலை, சமையற்காரருக்குக் கரண்டி, பூனைக்குக் கல். கணக்கில் யாரையும் விட்டதாகத் தெரியவில்லை. ஜமைக்காவுக்குப் போனவர்களைத் தவிர. அவர்கள் அண்மையில்தான் சன்னலுக்கு வந்தார்கள்.

கிளம்பும்போது சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இருபுறமும் வண்டிகள் பறக்க, நடுவே ஒரு பழைய வீடு தனித்து நிற்கிறது. சாட்டர்டன் பிறந்த வீடு. பக்கத்தில் இருந்த பள்ளியைச் சாலை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டு, அதன் முகப்புச் சுவரை மட்டும் பெயர்த்து வந்து வீட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டார்கள். வாசல் இருக்கிறது, சன்னல்கள் இருக்கின்றன, பின்னால் பள்ளி இல்லை. பழைய தோலைப் பழுப்பாக்கிக் காட்டிய பையன் பார்த்திருந்தால் ரசித்திருப்பான்.